காட்டுக் கோயில்

புதுக் கோயில் கட்டவேண்டுமென்றால் பழைய கோயிலை இடித்துத்தான் ஆகவேண்டுமா? எங்கள் கிராமத்தில் இப்போது இதுவே பேச்சு. திருவிழாவன்று பாதிப்பேர் வெயிலில் நின்றே திருப்பலி காண்கிறார்கள் என்பது உண்மைதான். ஆகவே ஓட்டுக் கூரையும் சுண்ணாம்புச் சுவருமான சின்னக் கோயிலை எடுத்துவிடலாம் என்கிறார்கள் பெரியவர்கள். சிறியவளாகிய நான் குறுக்கே பேசுவதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற ஆண்டு சென்னைக்குச் சுற்றுலா சென்றபோது மயிலாப்பூரில் பிரகாச மாதா ஆலயத்தைக் கண்டோம். பேருந்துகளும் கடைகளும் நெருக்கும் லஸ் முனைக்கு அருகே அது அமைதியாக நிற்கிறது. சாந்தோம் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, "இவ்வளவுதானா?" என்றிருந்தது. பிறகுதான் சிஸ்டர் கல்வெட்டைக் காட்டினார்கள். பெத்ரோ என்னும் பிரான்சிஸ்கன் துறவி 1516இல் கட்டியதாக அது கூறுகிறது. ஆங்கிலேயர் சென்னப்பட்டணத்தில் கால் வைத்ததோ 1639இல்! நகரம் பிறப்பதற்கு 123 ஆண்டுகள் முன்பே கோயில் பிறந்துவிட்டது.

புயலில் திசை தெரியாது தவித்த போர்த்துக்கீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி தோன்றிக் கரைக்கு வழிகாட்டியதாம். அது மறைந்த இடத்தில் எழுந்ததே இக்கோயில் என்பது வழிவழிக் கதை. 'லஸ்' என்றால் அவர்கள் மொழியில் ஒளி. நம் மக்களோ மரங்களின் நடுவே நின்ற அதற்குக் 'காட்டுக் கோயில்' என்று பெயரிட்டார்கள். அந்தக் காடு இன்றில்லை. பெயரில் மட்டும் இருக்கிறது.

போர்த்துக்கீசியர் மயிலையில் குடியேறியதே 1520களில் என்பதால், கல்வெட்டின் ஆண்டை ஐயுறும் ஆய்வாளர்களும் உண்டு. இதை அறிந்தபோது எனக்கு ஏமாற்றமாகவே இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: கோயிலும் கல்லும் இருப்பதால் அல்லவா அவர்களால் வாதாட முடிகிறது? இடித்திருந்தால் ஐயப்படவும் ஒன்றுமிராதே!

நம் தருமபுரி மறைமாவட்டம் உருவானது 1997இல். அதற்கு வெகு முன்னரே எங்கள் கோயிலில் என் பாட்டிக்குத் திருமணம் நடந்தது. வாசலுக்கு மேலே ஒரு கல் உண்டு. ஆண்டுதோறும் பூசிய வெள்ளை, எழுத்துகளை அடைத்துவிட்டது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. படிக்காமலே உடைக்கப் போகிறோமா?

பக்கத்திலேயே காலி இடம் இருக்கிறது. புதுக் கோயிலை அங்கே கட்டலாம்; பழையதில் ஞாயிறு மறைக்கல்வி நடத்தலாம். "இரண்டையும் பராமரிக்கப் பணம் யார் தருவது?" என்று அப்பா கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனாலும் ஓடு மாற்றும் செலவைக் கணக்குப் பார்க்காமலே இடிக்கத் தீர்மானிப்பது முறையாகாது என்பது என் தாழ்மையான கருத்து.

கோடை விடுமுறையில் ஊர்க் கூட்டம் கூடுகிறது. அதில் பெண்பிள்ளைகள் பேசுவது வழக்கமில்லை. எனவேதான் இங்கே எழுதினேன். கூட்டத்திற்கு முன் ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியால் அந்தக் கல்லைத் துடைத்துப் படிக்க நானும் என் தங்கையும் முடிவு செய்திருக்கிறோம்.