கடன் வாங்கிய உயரம்

தலக்கோனை அருவியைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பும் வழியில், பாகராப்பேட்டைக் கணவாயில் இறங்கிக்கொண்டிருந்தபோது, என் தார் ஜீப்பின் முன்புறத்திலிருந்து இரும்பை இரும்பு தட்டுவது போன்ற ஒரு சப்தம் எழலாயிற்று. சக்கரம் மேட்டில் ஏறும்போது அது கேட்கவில்லை. பள்ளத்தில் இறங்கும் கணத்தில் மட்டுமே கேட்டது. நோயின் மூலகாரணம் முழுவதும் அந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருந்தது என்பதை, மறுநாள் சித்தூரில் ஒரு வயதான மேஸ்திரியின் பட்டறையில்தான் நான் அறிந்துகொண்டேன்.

மாந்தோப்புப் பாதைகளின் நடுவே புடைத்து நிற்கும் மண்மேடு வண்டியின் அடிவயிற்றில் உரசலாகாது என்ற எண்ணத்தினால், மூன்று வருஷங்களுக்கு முன் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்திக்கொண்டவன் நான். 2010-இல் வெளிவந்த தாரின் என் மாதிரியில், பழைய ஜீப்புகளைப் போல முன் அச்சைத் தாங்கும் வில்பட்டைகள் இல்லை. வண்டியின் அடிச்சட்டத்தின் ஓரமாக நீளவாக்கில் ஓடும் முறுக்குக் கம்பி ஒன்று இருபுறமும் உண்டு. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மைப் பற்றியிருக்க, மறுமுனையைச் சட்டத்தோடு ஒரு போல்ட் நிறுத்தி வைத்திருக்கிறது. சக்கரம் மேலெழும்போது கம்பி முறுகி, பிறகு தன் இயல்புக்குத் திரும்புகிறது. அந்தப் போல்ட்டைச் சில சுற்றுக்கள் இறுக்கிவிட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும். புதிய சாமான் ஒன்றும் வேண்டியதில்லை, செலவும் சொற்பம். இவ்வளவு சுலபமாகக் கிடைத்த உயரம் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

மேஸ்திரி செய்த முதல் சோதனை, உயர்த்திய வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்கவேண்டியது. பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக்கொடுத்துவிட்டு, ஜாக்கியை ஆர்மின் கீழ் வைக்காமல் சட்டத்தின் கீழ் வைத்து, அவர் நிதானமாக ஏற்றினார். சட்டம் எழ எழ, சக்கரம் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு கொஞ்ச தூரமாவது தரையைப் பிடித்திருக்கவேண்டும். என் வண்டியிலோ, ஒரு விரல் அளவு ஏறுவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிட்டது. மேல் ஆர்ம் தன் எல்லையில் முட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அடியைத் தாங்கவேண்டிய ரப்பர் தேய்ந்து, இரும்பு வெளியே தெரிந்தது.

“பாத்தீங்களா சாமி, மேலே ஏத்தினதெல்லாம் கீழே எறங்கற எடத்துலேருந்து எடுத்ததுதான். கம்பிக்கு பலம் ஒண்ணும் கூடலை,” என்றார் அவர்.

பிறகு சக்கரத்தை மேலும் கீழுமாகவும், இடமும் வலமுமாகவும் பிடித்து அசைத்து, பால் ஜாயிண்டிலும் டை ராட் முனையிலும் ஆட்டம் உண்டா என்று பார்த்தார். சக்கரத்துக்குச் செல்லும் அச்சு அதிகமாகச் சாய்ந்துவிட்டதனால் அதன் ரப்பர் உறை மடிப்பில் வெடித்து, கிரீஸ் கசிந்திருந்தது. பிரேக் ஹோஸ் விறைத்து நின்றதா, டயர் ஓர் ஓரமாகவே தேய்ந்திருந்ததா என்பவற்றையும் அவர் விடவில்லை. ஒரு போல்ட்டைத் திருகியதன் பலனை இத்தனை உறுப்புக்கள் சுமந்துகொண்டிருந்தன.

இதன் ஆபத்து இறக்கத்தில்தான் தெரியும். திருமலையையே எடுத்துக்கொள்ளலாம்; அதற்கு இரண்டு மலைப்பாதைகள் உண்டு. 1944-இல் திறக்கப்பட்ட முதற்பாதை இன்று இறங்குவதற்கும், 1974-இல் வந்த இரண்டாம் பாதை ஏறுவதற்கும் பயன்படுகின்றன. ஏறுகிற வண்டிக்கு இயந்திரத்தின் பலம் துணைநிற்கிறது. இறங்குகிற வண்டிக்கோ, சக்கரம் தரையை விடாமல் பற்றியிருப்பது பெரிய ரக்ஷை. பள்ளத்தைக் கண்டால் தாழ்ந்து அதைத் தொடவேண்டிய சக்கரத்துக்குத் தாழும் இடமே இல்லாமற் செய்துவிட்டு, அந்த வண்டியில் மனைவி மக்களை அமர்த்தி மலையிறங்கினேன் என்பதை நினைக்கையில் இப்போதும் என் மனம் கலங்குகிறது.

தயாரித்தவர் வகுத்த அமைப்பை நம் இஷ்டப்படி மாற்றுவதை 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வற்புறுத்தியிருக்கிறது. இதை வெறும் அதிகாரிகளின் கெடுபிடியென்றே நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். ஜாக்கியின் மேல் தொங்கிய அந்தச் சக்கரத்தைப் பார்த்த பிறகு அந்த அபிப்பிராயம் எனக்கு இல்லை.

மேஸ்திரி போல்ட்டுக்களைத் தளர்த்தி, சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தை இருபுறமும் அளந்து, வண்டியைப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்தார். ரப்பர்களும் கிழிந்த உறையும் புதிதாயின; சக்கரங்களின் கோணமும் சரிசெய்யப்பட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தோப்புப் பாதையின் நடுவே இருந்த மண்மேட்டை நானும் என் மகனும் மண்வெட்டியால் சீவி எடுத்தோம்.