நான் யாருடைய ஆள்?

நான் தேய்த்துக் குளிப்பாட்டும் குதிரைக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது. கழுத்துக்குள் மைக்ரோசிப் இருக்கிறது. அப்பன் யார், ஆத்தா யார், தாத்தா எந்தத் தேசத்துக் குதிரை என்றெல்லாம் புனேயில் ரிஜிஸ்டரே வைத்திருக்கிறார்கள். எனக்கு? என்னை வேலைக்கு வைத்தவர் யார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு கிடையாது.

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் என்றதும் பலருக்குப் பூங்காவும் பழைய பங்களாக்களும்தான் ஞாபகம் வரும். அதே பக்கம், பாட்டரி ரோட்டை ஒட்டின ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவும் ரேஸ் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் சைஸ்தான். எங்கள் தெருப் பையன்கள் சிலர் பிளஸ் டூ முடித்தும் முடிக்காமலும் லாயத்துக்குள் போனார்கள், நானும் போனேன். எந்த லாயம், எந்த டிரெய்னர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கு எனக்கு வேலை இருக்காது.

மூன்று குதிரைகள் என் பொறுப்பு. விடிவதற்கு முன்னால் லத்தி அள்ளி, தண்ணீர் வைத்து, குளம்பை மடியில் தூக்கி வைத்துக் கொக்கியால் மண்ணும் கல்லும் நோண்டி எடுக்க வேண்டும். பிறகு முன்னங்காலை மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்ப்போம். லேசாகச் சூடு தெரிந்தால் தசைநாணில் அடி. அன்றைக்கு அதை டிராக்குக்கு விடக்கூடாது. டாக்டர் வருவதற்கு முன் இதைக் கண்டுபிடிப்பவன் சைஸ். வயிற்றுவலி வந்து குதிரை படுத்துப் புரண்டால் ராத்திரி முழுக்க அதை நடத்திக்கொண்டே இருப்பவனும் சைஸ். அது ஜெயித்தால் கோப்பையோடு படம் எடுக்கும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பேன். பேப்பரில் எல்லார் பேரும் வரும், என் பேர் வராது. அது போகட்டும், பேப்பரில் பேர் வந்து என்ன ஆகப்போகிறது!

போன வருஷம் புதிதாக வந்த ரெண்டு வயசுக் குட்டி ஒன்று மிரண்டு பின்னங்காலால் ஒரு உதை விட்டது. விலா எலும்பு ரெண்டு போச்சு. குட்டிமேல் எனக்குக் கோபமில்லை, அதற்கு என்ன தெரியும்? ஆஸ்பத்திரி வாசலில், சைஸ்களுக்கு மேலே இருக்கும் ஜமேதார் காதோடு சொன்னார்: "தம்பி, பைக்ல விழுந்தேன்னு சொல்லிடு. விஷயம் பெரிசாச்சுன்னா உனக்கும் கஷ்டம், எனக்கும் கஷ்டம்." நானும் "சரிண்ணே" என்றேன். உள்ளே இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுக் கார்டு கேட்டார்கள். எங்கிருந்து காட்ட? அம்மா வளையலை அடகு வைத்தாள். படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் கேட்டால் டிரெய்னர், "ஓனர் பணம் இன்னும் வரலப்பா" என்கிறார். ஓனருக்கு என் முகமே தெரியாது. ரேஸ் நடத்தும் கிளப்புக்குப் போனால், நீ டிரெய்னர் வைத்த ஆள், எங்கள் ஆள் இல்லை என்பார்கள்.

இத்தனைக்கும், ரேஸ் கிளப்புக்கு இ.எஸ்.ஐ. சட்டம் செல்லும் என்று 2014 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அந்த வழக்கின் பெயரிலேயே பெங்களூர் டர்ஃப் கிளப் இருக்கிறது. தற்காலிக ஊழியருக்கும் அது பொருந்தும் என்று 2016-ல் மும்பை, புனே ரேஸ்களை நடத்தும் கிளப்பின் வழக்கில் சொன்னார்கள். தினம் தினம் குதிரையின் காலடியில் உட்காருகிற என்னிடம் மட்டும் அந்தத் தீர்ப்பு வந்து சேரவில்லை. கிளப்புக்கும் எனக்கும் நடுவில் டிரெய்னர் என்று ஒருவரை நிறுத்திவிட்டால் சட்டம் அங்கேயே நின்றுவிடுமா?

2024-ல், பந்தயப் பணம் வாங்கும் புக்கிகள்மேல் போலீஸ் ரெய்டு வந்தது. அதைத் தொடர்ந்து ஜூனில் அரசு ரேஸுக்கு அனுமதி மறுத்தது. ஹைகோர்ட்டில் தனி நீதிபதி இடைக்கால அனுமதி கொடுத்தார்; சில நாளிலேயே டிவிஷன் பெஞ்ச் அதை நிறுத்திவைத்தது. ரேஸ் நின்றால் குதிரை பட்டினி கிடக்குமா? அதற்கு ஓட்ஸும் குதிரைமசாலும் வந்துகொண்டுதான் இருந்தன. எனக்குத்தான் பாதிச் சம்பளம், அதுவும் தவணையில்.

அதே சமயத்தில் எங்களுக்குப் பக்கத்திலேயே, டி.ஜே. ஹள்ளியில், ஒரு குதிரைக்கு கிளாண்டர்ஸ் நோய் என்று தெரிந்தது. குதிரையிடமிருந்து மனுஷனுக்கும் தொற்றுகிற, உயிரை வாங்குகிற நோய் அது. லாயத்தில் என் மூன்று குதிரைகளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊசி போடும்போது அவை மிரளாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவற்றின் மூச்சு என் முகத்தில்தான் அடித்தது. என் ரத்தத்தை யாரும் கேட்கவில்லை. வீட்டில் அம்மா என் சட்டையைத் தனியாகத் துவைத்தாள்.

இப்போது ஜி.எஸ்.டி. வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் பந்தயத்துக்கு 40 சதவீதம். சூதாட்டத்துக்கு வரி போடுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வரி ஏறினாலும், அனுமதி மறுத்தாலும், ரேஸ் கோர்ஸ் இடத்தைக் காலி செய்யச் சொன்னாலும், "ஆயிரக்கணக்கான ஏழைத் தொழிலாளிகள் தெருவில் நிற்பார்கள்" என்று எங்கள் வயிற்றைக் காட்டித்தான் ரேஸ் நடத்துகிறவர்கள் பேசுகிறார்கள். அந்த ஏழையின் விலா உடைந்தால் மட்டும் பைக்கில் விழுந்தவனா?

டிரெய்னரோ, ஓனரோ, கிளப்போ, மூவரில் யாராவது ஒருவர் இவன் என் ஆள் என்று என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதுவரைக்கும் எங்கள் பெயரைச் சொல்லி எந்தக் கோர்ட்டிலும் வாதாட வேண்டாம்.