கேமரா கைக்கு வந்தது. கொட்டகை யார் கையில்?

சூலக்கரையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தொழிலாளியைப் பாருங்கள். சட்டைப்பையில் கைபேசி, அதற்குள் ஒரு கேமரா. இது அற்ப மாறுதல் அல்ல, தோழர்களே!

பிலிம் காலத்துக் கணக்கை நினைத்துப் பார்ப்போம். 1000 அடிச் சுருள் 11 நிமிஷத்தில் ஓடித் தீரும். சுருளுக்குக் காசு, அதைக் கழுவக் காசு, கொட்டகைக்குக் கொட்டகை பிரதி போடக் காசு. பணமூட்டை இல்லாதவன் படம் எடுக்க நினைப்பதே பகற்கனவாக இருந்தது. பணமூட்டை வைத்திருந்தவனுக்கோ தீப்பெட்டி ஒட்டும் பெண்ணின் விரல்கள் கண்ணில் படவில்லை.

அன்றும் சிலர் துணிந்தார்கள். 1960ல் நிமாய் கோஷ் இயக்க, எம்.பி. சீனிவாசன் இசையமைக்க, இடதுசாரிக் கலைஞர்கள் கூடி 'பாதை தெரியுது பார்' என்ற படத்தைத் தந்தார்கள். கேரளத்தில் ஜான் ஆபிரகாமும் ஒடேசா குழுவினரும் மக்களிடம் சிறுகச் சிறுகக் காசு திரட்டி 1986ல் 'அம்ம அறியான்' எடுத்தார்கள். 1990ல் சலம் பென்னூர்கர் நமது சிவகாசிக்கே வந்து, தீப்பெட்டி, பட்டாசு வேலையில் வாடிய பிள்ளைகளைப் பற்றி 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' எடுத்தார். ஊர் பெருமையோடு சொல்லிக்கொண்ட பட்டத்தையே கேள்வியாகத் திருப்பிவிட்டார்!

இன்று சுருள் போயிற்று. சின்ன டிஜிட்டல் கேமரா வந்தது. 2003ல் அமுதன், மதுரைத் தெருவில் மலம் அள்ளும் ஒரு பெண்ணின் வேலையை 'பீ' என்ற படமாக எடுத்தார். 2017ல் திவ்யபாரதி 'கக்கூஸ்' எடுத்தார். கூடங்களில் திரையிடப் போலீஸ் முட்டுக்கட்டை போட்டது. படம் இணையத்தில் ஏறியது. ஜனங்கள் கைபேசியிலேயே பார்த்தார்கள். பூட்டிய கதவு என்ன ஆயிற்று?

மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் அவசியம் பார்க்க வேண்டிய படங்கள் இன்னும் இரண்டு. ஒன்று, லெனின் பாரதியின் 'மேற்கு தொடர்ச்சி மலை' (2018). துண்டு நிலத்துக்காக ஆயுள் முழுவதும் மூட்டை சுமந்தவன், கடைசியில் அதே நிலத்தில் காற்றாலைக்குக் காவலாளியாக உட்காருகிறான். மற்றொன்று, வினோத்ராஜின் 'கூழாங்கல்' (2021). சிறுவயதில் மதுரைப் பூ மார்க்கெட்டிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்தவர் எடுத்த இந்தப் படம் ரோட்டர்டாம் விழாவில் முதற்பரிசு பெற்றது.

'கருவி மலிந்துவிட்டது, இனி எல்லோரும் சமம்' என்கிறார்கள் சிலர். இது பாதி உண்மை. கேமரா நம் கைக்கு வந்தது, கொட்டகை வரவில்லை. வெள்ளிக்கிழமை எந்தப் படம் ஓடும் என்பதை விநியோகப் பணம் தீர்மானிக்கிறது. இணையத்தில் எது முதலில் கண்ணில் படும் என்பதை அந்நியக் கம்பெனியின் லாபக் கணக்கு தீர்மானிக்கிறது. அதே மலிவுக் கேமராவில்தான் சாதிப் பெருமை பேசும் விஷமும் பரவுகிறது. கருவிக்கு வர்க்கம் இல்லை. அதைப் பிடிக்கும் கைக்கு உண்டு.

2012 செப்டம்பர் 5ல் முதலிப்பட்டியில் 35க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரி 12ல் அச்சன்குளத்தில் மீண்டும் சாவு. வெடித்த பிறகு கேமராக்கள் ஓடி வருகின்றன. புகை அடங்கியதும் போய்விடுகின்றன. வெடிப்பதற்கு முன்னால் இருந்த உள்குத்தகையை, ஓர் அறைக்குள் திணிக்கப்பட்ட ஆட்களை, கடனுக்காக வேலைக்குப் போன தாயை யார் படம் எடுத்தார்கள்?

பட்டாசு ஆலைக்குள் கைபேசி கூடாது என்பது உயிர்காக்கும் விதி. அதை மீற வேண்டாம். ஆனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாய் பேசுவதைப் பதிவு செய்ய, அவள் சம்மதத்தைத் தவிர யார் அனுமதி வேண்டும்? அவள் வேலைக்கு ஆபத்து என்றால் முகத்தைக் காட்டாதீர்கள்; குரல் போதும்.

சங்க அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுவோம். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல படம் ஒன்றைப் போட்டு, பார்த்த பின் கூடிப் பேசுவோம். அடுத்த ஆண்டு அந்த வேட்டியில் நமது சொந்தப் படம் ஓடட்டும். கொட்டகை நமக்கு யாரும் தரமாட்டார்கள், நாமே கட்டிக்கொள்வோம்!