நரம்பு நோவும் தலைச்சுற்றும்: ஆய்வு யாழ்ப்பாணத்திலும் நடக்க வேண்டும்

கீரிமலைக் கேணியைச் சுற்றி வழங்கும் கதைகள் பலவும் நோய் தீர்ந்த கதைகள்தாம். நகுல முனிவருக்குக் கீரிமுகம் நீங்கியதும், மாருதப்புரவீகவல்லிக்குக் குதிரைமுகம் மாறியதும் இந்தத் தீர்த்தத்தில் என்பது ஊர் நம்பிக்கை. சுவருக்கு அப்பால் கடல் அடிக்க, இப்பால் நன்னீர் ஊறுகிறது. மழைநீர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, வெடிப்புகள் வழியாக ஓடி வந்து கரையில் வெளிப்படுகிறது.

அந்தச் சுண்ணக்கல்லில் உள்ள கல்சியம் காபனேற்று எல்லோருடைய உட்காதிலும் இருக்கிறது. உடலின் சமநிலையை உணரும் பகுதியில் அது நுண்ணிய பளிங்குகளாகப் படிந்திருக்கும். வயது போனாலோ தலையில் அடிபட்டாலோ அவற்றில் சில கழன்று, காதின் அரைவட்டக் கால்வாய்க்குள் விழக்கூடும். அதன்பின் கட்டிலில் புரண்டு படுத்தாலே அறை சுழலும், சத்தி வரும். தலைச்சுற்றில் மிகப் பரவலான வகைகளுள் இது ஒன்று.

அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகர மருத்துவர் ஜோன் எப்லி இதற்கு எளிய வழி கண்டார். நோயாளியைப் படுக்கவைத்து, தலையைக் குறித்த வரிசையில் திருப்பிப் பளிங்குகளைக் கால்வாயிலிருந்து வெளியேற்றுவதே அந்த முறை. வெட்டும் இல்லை, குளிசையும் இல்லை. சில நிமிடங்களில் முடியும் இந்த வைத்தியத்தைச் சக மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பவில்லை. 1992இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உண்மையான முறையையும் மற்றதற்குப் போலி அசைவுகளையும் செய்து ஒப்பிட்டன. அப்போதுதான் சந்தேகம் தீர்ந்தது.

பயனில்லாததைக் காட்டிக்கொடுப்பதும் ஆய்வின் வேலை. காது இரைச்சலும் தலைச்சுற்றும் சேர்ந்து வரும் மெனியர் நோய்க்குப் பீட்டாஹிஸ்டின் குளிசை பல நாடுகளில் எழுதப்படுகிறது. ஜெர்மனியில் 221 பேரிடம் ஒன்பது மாதம் நடத்திய சோதனையின் முடிவு 2016இல் வெளியானது: வெற்றுக் குளிசை எடுத்தவர்களுக்கும் நோயின் தாக்குதல்கள் அதே அளவுக்குக் குறைந்திருந்தன. நாரியிலிருந்து காலுக்கு இழுக்கும் நரம்பு நோவுக்குக் கொடுக்கப்படும் பிரிகாபலின் 2017இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் வெற்றுக் குளிசையை மிஞ்சவில்லை. நோவு கூடுதலாகக் குறையாததோடு, மருந்து எடுத்தவர்களுக்குத் தலைச்சுற்றும் கூடியது. பென்ஷனிலோ கூலியிலோ மருந்து வாங்கும் ஒருவருக்கு இந்த முடிவுகள் எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஆய்வைக் குடாநாட்டில் நடத்தத் தனிப்பட்ட காரணமும் உண்டு. 1990இல் போரால் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்களுக்குக் கண்ணிவெடி புத்தகத்தில் படித்த விடயமல்ல. கால் இழந்தவர்களுக்கு யாழ்ப்பாண ஜெய்ப்பூர் நிலையம் பல பத்தாண்டுகளாகச் செயற்கைக் கால் செய்து கொடுக்கிறது. ஆனால், போன காலிலேயே எரிவும் குத்தும் எடுக்கும் நோவைச் செயற்கைக் கால் தீர்ப்பதில்லை.

இந்த நோவுக்குக் கண்ணாடி வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில் அதைச் செய்து காட்டினார். இருக்கும் காலின் பிம்பம் இழந்த காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்திக் காலை அசைத்தால், மூளை இரண்டு கால்களும் அசைவதாக எடுத்துக்கொள்கிறது. 2007இல் அமெரிக்கப் படை மருத்துவமனையொன்றில் நடந்த சிறிய ஆய்வில், கண்ணாடியைப் பயன்படுத்திய ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் நோவு குறைந்தது. மூடிய கண்ணாடியின் முன் அதே பயிற்சியைச் செய்த ஆறு பேரில் ஒருவருக்குத்தான் குறைந்தது. ஆறு பேரை வைத்து உலகுக்கெல்லாம் முடிவு சொல்ல முடியாது. இதைப் பெரிய அளவில் செய்து பார்ப்பதற்குக் கண்ணிவெடியின் கொடுமையைச் சுமந்த வடக்கை விடப் பொருத்தமான இடம் எது?

வசதியில்லை என்ற பதில் வரும். இலங்கை மருத்துவமனைகளில் 700 பேரிடம் நடந்த இரத்த அழுத்த ஆய்வு அந்தப் பதிலை ஏற்க விடாது. மூன்று மருந்துகளைச் சிறிய அளவில் ஒரே குளிசையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் 70 வீதமானோருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது. வழமையான சிகிச்சையில் அது 55 வீதம். 2018இல் வெளியான அந்த முடிவை உலகமே கவனித்தது.

மக்களைச் சோதனைப் பொருளாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானது. ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி, நோயாளிக்கு விளங்கும் தமிழில் ஒப்புதல், விரும்பிய நேரம் விலகும் உரிமை ஆகிய மூன்றும் இல்லாத எந்த ஆய்வும் தொடங்கவே கூடாது. மருத்துவச் சோதனைகளை முன்கூட்டியே பதிவுசெய்யும் பொதுப் பதிவேடு இலங்கையில் 2006 முதல் இருக்கிறது. முடிவு பிடிக்கவில்லை என்று ஓர் ஆய்வை மறைப்பதை அது கடினமாக்குகிறது.

யாழ்ப்பாண மருத்துவபீடம் 1978இல் தொடங்கியது. அந்தப் பீடமும், யாழ். போதனா வைத்தியசாலையும், தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையும் சேர்ந்தால் இரண்டு ஆய்வுகளை அதிகச் செலவில்லாமல் தொடங்கலாம். கால் இழந்தோரிடம் கண்ணாடிப் பயிற்சி எவ்வளவு காலம் பலன் தருகிறது என்பது ஒன்று. எப்லி முறையை வெளிநோயாளர் பிரிவுத் தாதியருக்கும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளருக்கும் பழக்கினால் தலைச்சுற்றுக் குளிசையின் தேவை எவ்வளவு குறையும் என்பது மற்றது. மாகாண சுகாதாரத் திணைக்களம் இவற்றுக்கு நிதி ஒதுக்க வேண்டும். முடிவு எதுவாக இருந்தாலும், ஆய்வுக்கு உடன்பட்ட ஒவ்வொருவருக்கும் அதைத் தமிழில் எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.