பஸ் நிலையம் பாட்டான கதை

ஒரு பஸ் நிலையம். பக்கத்தில் ஒரு முடிதிருத்தும் கடை. மூலையில் ஒரு பாங்கி. அவ்வளவுதான்.

இதை வைத்துப் பாட்டுக் கட்ட முடியுமா?

கட்டினார்கள். அந்தப் பாட்டு உலகம் முழுவதும் ஓடியது. அந்தத் தெருவில் நின்று படம் எடுத்துக்கொள்ள இன்றைக்கும் பல நாட்டுக்காரர்கள் வருகிறார்கள்.

ஊர், இங்கிலாந்தில் உள்ள லிவர்பூல் துறைமுகம். பாட்டின் பெயர் "பென்னி லேன்". அது ஒரு தெருவின் பெயர். எழுதியவர் பால் மெக்கார்ட்னி. அதே இசைத்தட்டின் இன்னொரு பக்கத்தில் ஜான் லென்னன் எழுதிய "ஸ்ட்ராபெரி பீல்ட்ஸ் பார் எவர்" என்ற பாட்டு. அதுவும் லிவர்பூலில் உள்ள ஓர் இடத்தைப் பற்றியதுதான். இருவரும் "பீட்டில்ஸ்" என்ற நால்வர் குழுவைச் சேர்ந்தவர்கள். 1967-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி இந்த இசைத்தட்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது.

அப்போது மெக்கார்ட்னிக்கு வயது 24. லென்னனுக்கு 26.

"இது என்ன, மீசை முளைத்து நாலு நாள் ஆகவில்லை, அதற்குள் பழங்கதையா?" என்று கேட்கத் தோன்றும். பல் விழுந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, "எங்கள் காலத்தில்..." என்று ஆரம்பிப்பதுதானே வழக்கம்?

ஆனால் இளமையைத் திரும்பிப் பார்க்க வயதாக வேண்டும் என்று சட்டம் இல்லை. வீட்டை விட்டு வெகுதூரம் போயிருந்தால் போதும். இந்த வாலிபர்கள் போயிருந்தார்கள்.

கூச்சலில் கேட்காத பாட்டு

1966-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரம். அன்று அங்கே பீட்டில்ஸ் குழுவினர் கச்சேரி செய்தார்கள். ரசிகர்கள் போட்ட கூச்சலில் பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்கவில்லை. பல ஊர்களில் இதே கதைதான். இனி ஊர் ஊராகப் போய்ப் பாடுவதில்லை என்று முடிவு செய்தார்கள். கட்டணம் வாங்கி மேடையில் அவர்கள் நடத்திய கடைசிக் கச்சேரி அதுதான்.

நால்வரும் நாலு பக்கம் பிரிந்தார்கள். ஜார்ஜ் ஹாரிசன் பம்பாய்க்கு வந்து ரவிசங்கரிடம் சிதார் கற்றுக்கொண்டார். லென்னன் ஒரு சினிமாவில் நடிக்க ஸ்பெயின் நாட்டுக்குப் போனார். சினிமாவில் நடிக்கிறவனுக்குக் காத்திருப்பதுதான் பெரிய வேலை. காத்திருந்த நேரத்தில் லென்னன் கையில் கிதாரை எடுத்தார். அவருக்கு நினைவு வந்தது ஸ்பெயின் அல்ல. அமெரிக்கா அல்ல. பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தோட்டம்!

"ஸ்ட்ராபெரி பீல்டு" என்பது இரட்சணிய சேனையார் நடத்திய குழந்தைகள் இல்லத்தின் பெயர். ஆதரவு இல்லாத பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். 1936-ம் ஆண்டு தொடங்கிய இல்லம். பெரிய மரங்கள், சிவப்பு இரும்புக் கதவு. கோடை காலத்தில் தோட்டத்தில் விழா நடக்கும். பாண்டு வாத்தியம் முழங்கும். அந்த ஓசை காதில் விழுந்தால் போதும், "பெரியம்மா, சீக்கிரம் வாங்க, நேரமாகிவிட்டது!" என்கிற பாவனையில் சிறுவன் ஜான் துள்ளிக் குதிப்பானாம். பெரியம்மா மிமி பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. மற்ற நாட்களில் கூட்டாளிகளோடு அதே தோட்டத்தில் புகுந்து விளையாடுவான்.

ஆதரவற்ற குழந்தைகளின் இல்லத்தில் அவனுக்கு என்ன அவ்வளவு ஈர்ப்பு?

தாயை இழந்த பிள்ளைகள்

ஜானின் தகப்பனார் கப்பலில் வேலை பார்த்தவர். வீட்டில் தங்கியது குறைவு. தாயார் ஜூலியாவும் மகனைத் தம்மோடு வைத்துக்கொள்ள முடியவில்லை. ஐந்து வயது முதல் பெரியம்மா வீடுதான் அவனுக்கு வீடு. கொஞ்சம் வளர்ந்த பிறகு தாயாரோடு நெருக்கம் ஏற்பட்டது. பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தில் அவனுக்கு முதல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் அந்தத் தாயார்தான். 1958-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, அக்காள் வீட்டுக்கு வந்துவிட்டுப் பஸ்சுக்குப் போன ஜூலியா, கார் மோதி இறந்தார். அப்போது ஜானுக்கு வயது 17.

பால் மெக்கார்ட்னியின் கதையும் இதற்குக் குறைந்தது அல்ல. அவருடைய தாயார் மேரி ஒரு நர்ஸ். பிரசவம் பார்ப்பவர். 1956-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி புற்றுநோயால் காலமானார். பாலுக்கு அப்போது 14 வயது. தந்தை ஜிம், பஞ்சு வியாபாரக் கம்பெனியில் விற்பனையாளர். ஒரு காலத்தில் சொந்தமாக ஒரு பாண்டு குழு நடத்தியவர். அவர் மகனுக்கு ஒரு டிரம்பெட் ஊதுகுழல் வாங்கிக் கொடுத்தார். அதை வாயில் வைத்தால் பாட முடியாதே! மகன் கடைக்குப் போய் அதைக் கொடுத்துவிட்டுக் கிதார் வாங்கி வந்தான்.

1957-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி, ஒரு மாதா கோவில் விழாவில் இந்த இரண்டு பையன்களும் சந்தித்தார்கள். அடுத்த ஆண்டே ஜானும் தாயை இழந்தார். அந்தத் துயரத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளாமலே அது அவர்களைச் சேர்த்துக் கட்டியது.

இங்கேதான் கவனிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. 1967-ம் ஆண்டு இசைத்தட்டில் இரண்டு தாயார்களுமே பெயரோடு வரவில்லை. "அம்மா போய்விட்டாளே" என்று ஒரு சொல் இல்லை. ஜான் தோட்டத்தைப் பாடினார். பால் பஸ் நிலையத்தைப் பாடினார்.

பென்னி லேன் என்பது தெருவுக்கு மட்டும் பெயர் அல்ல. பல பஸ்கள் வந்து சேரும் அந்தச் சந்திப்புக்கும் அதே பெயர்தான். பஸ்சின் நெற்றியிலேயே அந்தப் பெயர் எழுதியிருக்கும். பள்ளிக்குப் போனாலும், நண்பன் வீட்டுக்குப் போனாலும், டவுனுக்குப் போனாலும் அங்கே இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். காத்திருந்த நேரத்தில் கண்ணில் பட்டதெல்லாம் பாட்டில் இருக்கிறது. முடிதிருத்துபவர், பாங்கிக்காரர், தீயணைக்கும் படைக்காரர், போரில் இறந்தவர்கள் நினைவாகப் பாப்பிப் பூ விற்கும் ஒரு நர்ஸ்.

வேடிக்கை என்னவென்றால், தீயணைப்பு நிலையம் அந்தத் தெருவில் இல்லை. சற்றுத் தூரத்தில் வேறு சாலையில் இருக்கிறது. பாப்பிப் பூ விற்பது நவம்பர் மாதக் குளிரில். பாட்டில் கோடைகாலமும் சேர்ந்தே வருகிறது. தவறு என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது. சிறுவயது ஞாபகம் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்கும் ஐஸ் விற்றவனுக்கும் நடுவே இருந்த அரை மைலை அது விழுங்கிவிடும்!

வெட்டி ஒட்டிய நாடா

சரி, பழைய நினைவைப் பாட்டாக்குவது என்று முடிவு செய்தாயிற்று. எந்த இசையில் பாடுவது?

சோம்பேறிக்கு ஒரு வழி உண்டு. தான் சிறுவனாக இருந்தபோது கேட்ட மெட்டையே எடுத்து, புதுத் துணி போர்த்தி, "பழைய நாட்கள்" என்று பெயர் வைத்து விற்றுவிடலாம். இன்றைக்கும் பல நாடுகளில் இந்த வியாபாரம் நடக்கிறது. பீட்டில்ஸ் அந்த வழியில் போகவில்லை. நினைவு பழையது. ஓசையோ அதுவரை யாரும் கேட்காதது.

1966-ம் ஆண்டு நவம்பர் 24-ந் தேதி லண்டனில் லென்னன் பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கியது. டிசம்பர் 22-ந் தேதிதான் முடிந்தது. ஒரே ஒரு பாட்டுக்கு இத்தனை நாள்! பால் மெக்கார்ட்னி "மெல்லோட்ரான்" என்ற வாத்தியத்தை வாசித்தார். கட்டையை அழுத்தினால், உள்ளே நாடாவில் பதிவாகியிருக்கும் புல்லாங்குழல் ஓசை வெளியே வரும். இந்தியாவிலிருந்து திரும்பிய ஹாரிசன், நம் நாட்டுச் சுரமண்டலத்தை மீட்டினார். லிவர்பூல் தோட்டத்தைப் பற்றிய பாட்டில் சுரமண்டலம்!

பாட்டை இரண்டு விதமாகப் பதிவு செய்தார்கள். ஒன்று அமைதியானது. மற்றது டிரம்பெட்டும் செல்லோவும் சேர்ந்து முழங்குவது. லென்னன் கேட்டுப் பார்த்தார். இதில் முன்பாதி பிடித்திருந்தது. அதில் பின்பாதி பிடித்திருந்தது. "இரண்டையும் ஒட்டிவிடுங்கள்" என்றார்.

தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் திகைத்தார். இரண்டுக்கும் சுருதி வேறு. தாளத்தின் வேகமும் வேறு. எப்படி ஒட்டும்? அவரும் பதிவாளர் ஜெப் எமெரிக்கும் ஒரு வழி கண்டார்கள். ஒரு நாடாவின் வேகத்தைக் கூட்டினார்கள். மற்றதின் வேகத்தைக் குறைத்தார்கள். சுருதியும் தாளமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன. நாடாவை வெட்டி ஒட்டினார்கள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷத்தில் அந்த ஒட்டு வருகிறது. கூர்ந்து கேட்டால் தெரியும்.

மெக்கார்ட்னி பாட்டுக்கு வேறு வகை அதிர்ஷ்டம் வந்தது. 1967 ஜனவரியில் ஒரு நாள் அவர் டெலிவிஷனில் பாக் என்ற ஜெர்மன் இசைமேதையின் கச்சேரியைப் பார்த்தார். அதில் டேவிட் மேசன் என்ற வித்துவான் சின்னஞ்சிறு டிரம்பெட் ஒன்றை வாசித்தார். அந்தக் கீச்சுக் குரல் பாலுக்குப் பிடித்துவிட்டது. ஜனவரி 17-ந் தேதி மேசன் வரவழைக்கப்பட்டார். மெக்கார்ட்னி வாயால் பாடிக் காட்ட, மார்ட்டின் ஸ்வரம் எழுத, மேசன் வாசித்தார். அதுதான் பாட்டின் உச்சம். கடையில் கொடுத்துவிட்டு வந்த டிரம்பெட், பத்து வருஷம் கழித்து இந்த உருவத்தில் திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

சென்னையில் பிறந்தவர் ஜெயித்தார்

இப்படிப் பாடுபட்ட இசைத்தட்டு அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது. சொந்த நாட்டில் பிடிக்கவில்லை! இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றுவிட்டது.

முதல் இடத்தைப் பிடித்தவர் யார் தெரியுமா? எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க். இந்தப் பெயர் தொழிலுக்காக வைத்துக்கொண்டது. இயற்பெயர் ஆர்னால்டு ஜார்ஜ் டார்சி. 1936-ம் ஆண்டு நமது சென்னையில் பிறந்தவர். தகப்பனார் பிரிட்டிஷ் ராணுவத்தில் இருந்தார்.

அவர் பாடிய "ரிலீஸ் மீ" என்ற பாட்டு, 1949-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பதிவானது. அதாவது, பழைய நாளைப் பற்றிய புதுப் பாட்டை, புதுக்குரலில் வந்த பழைய பாட்டு தோற்கடித்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் தெரிந்த மெட்டைக் கேட்டு இளைப்பாற விரும்பினார்கள். அது நியாயமான ஆசை. இருந்தாலும் இரண்டும் ஒன்று அல்ல. ஒன்று, கேட்டவனுக்கு அவன் முன்பு கேட்டதையே திருப்பிக் கொடுக்கிறது. மற்றது, அவன் பார்த்தே இராத ஒரு முடிதிருத்தும் கடையைக் காட்டுகிறது. அதைப் பார்த்ததும் அவனுக்குத் தன் ஊர்க் கடை நினைவுக்கு வருகிறது. இரண்டாவது வேலை கடினமானது.

"உள்ளூர் விவரம் வெளியூர்க்காரனுக்கு எப்படிப் புரியும்?" என்று அஞ்சி, பலர் ஊர்ப் பெயரை எடுத்துவிடுகிறார்கள். "நதி", "நிலா", "அந்த நாள்" என்று பொதுவாகப் பாடுகிறார்கள். பிறகு அந்தப் பாட்டு எந்த ஊருக்கும் சொந்தம் இல்லாமல் போகிறது. பால் மெக்கார்ட்னி தெருவின் பெயரைத் துணிந்து வைத்தார். ஒரு தெருவின் பெயரைக் கேட்டு உலகம் பயந்து ஓடிவிடவில்லை.

தாயாரைப் பற்றி இருவரும் பிறகு பாடினார்கள். 1968-ம் ஆண்டு லென்னன் எழுதிய ஒரு பாட்டுக்குத் தாயாரின் பெயரே பெயர். மெக்கார்ட்னி கனவில் தாயாரைக் கண்டு, அவர் சொன்ன ஆறுதலை ஒரு பாட்டாக்கினார். அது 1970-ம் ஆண்டு வெளிவந்தது. தோட்டத்தையும் பஸ் நிலையத்தையும் தாண்டித்தான் அங்கே போய்ச் சேர முடிந்தது போலும்.

இரும்புக் கதவு

பாட்டுக்குப் பெயர் கொடுத்த இடங்கள் என்ன ஆயின?

பென்னி லேன் பெயர்ப் பலகையை ரசிகர்கள் திருடித் திருடி நகரசபைக்கு அலுத்துப் போயிற்று. பெயரைச் சுவரிலேயே வர்ணத்தால் எழுதினார்கள். 2018-ம் ஆண்டில் மெக்கார்ட்னி அந்தத் தெருவுக்கு வந்து, பெயர்ப் பலகையில் கையெழுத்துப் போட்டார். தந்தையோடு வாழ்ந்த பழைய வீட்டுக்கும் போய்ப் பியானோ வாசித்தார்.

லென்னனுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. 1980-ம் ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி நியூயார்க்கில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நகரத்தின் பெரிய பூங்காவில் ஒரு பகுதிக்கு அவருடைய பாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

லிவர்பூலில் இருந்த குழந்தைகள் இல்லம் 2005-ம் ஆண்டு மூடப்பட்டது. சிவப்புக் கதவு மட்டும் நின்றது. யாத்திரை வருவதுபோல் ஜனங்கள் வந்து, கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். உள்ளே போக வழியில்லை. 2019-ம் ஆண்டு செப்டம்பரில் இரட்சணிய சேனையார் அந்த இடத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பாட்டின் கதையைச் சொல்லும் கண்காட்சி அங்கே இருக்கிறது. சிற்றுண்டிச் சாலை இருக்கிறது. கற்பதில் சிரமம் உள்ள இளைஞர்களுக்கு அங்கேயே வேலைப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

மதில் ஏறிக் குதிக்காமல், வாசல் வழியாகவே இப்போது தோட்டத்துக்குள் போகலாம்.