வட்டம் மணப்பாறை, தொகுதி ஸ்ரீரங்கம்... மனுவை யாரிடம் கொடுப்பது?

''எங்கள் ஊர் மணப்பாறை வட்டத்தில் இருக்கிறது. குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்துவிட்டது. மணப்பாறை எம்.எல்.ஏ-விடம் மனு கொடுக்கச் சொல்கிறார்கள் சிலர், ஸ்ரீரங்கம் எம்.எல்.ஏ-விடம் கொடுக்கச் சொல்கிறார்கள் சிலர். எது சரி?''

- வாசகர், மணப்பாறை வட்டம்.

வட்டம் என்பது வருவாய்த்துறையின் எல்லை. தொகுதி என்பது தேர்தலுக்கான எல்லை. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஸ்ரீரங்கம் என்றதும் கோயிலும் காவிரியும்தான் நினைவுக்கு வரும். ஆனால், 2008-ம் ஆண்டு தொகுதி மறுசீரமைப்பின்படி, அந்தநல்லூர், ஜீயபுரம் பகுதி வாழைத் தோட்டங்களோடு, மணப்பாறை வட்டத்தின் ஒரு பகுதி மானாவாரி கிராமங்களும் ஸ்ரீரங்கம் தொகுதியில்தான் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். 138 என்றால் மணப்பாறை. 139 என்றால் ஸ்ரீரங்கம். 1950 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

இந்தத் தொகுதியில் 2011-ல் வென்று முதலமைச்சரானவர் ஜெயலலிதா. சொத்துக்குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் பதவியை இழந்தார். (மறு ஆண்டு கர்நாடக உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.) 2015 பிப்ரவரி 13-ல் நடந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க-வின் வளர்மதி வென்றார், 2016-லும் அவரே. 2021-ல் தி.மு.க-வின் பழனியாண்டி வென்றார். தீர்ப்புக்கும் இடைத்தேர்தலுக்கும் நடுவே நாலரை மாதம் முதலமைச்சரின் தொகுதிக்கே எம்.எல்.ஏ இல்லை. சட்டமன்றத்தில் அந்த ஊர்களுக்காகக் கேள்வி கேட்க ஆளில்லை. ஆனாலும், வாய்க்காலைத் தூர்வாரும் பொறுப்பு அதிகாரிகளிடமே இருந்தது. இப்போதும் அப்படித்தான்.

எனவே, எம்.எல்.ஏ-வை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். குளத்தின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைவு என்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறையிலும் மனு கொடுங்கள். வாய்க்காலின் சர்வே எண், பாசனம் பெறும் பரப்பு, விவசாயிகளின் கையெழுத்து ஆகியவை மனுவில் இருக்கட்டும். அதன் நகலை, உங்கள் தொகுதி எம்.எல்.ஏ-விடம் கொடுத்து, தொகுதி மேம்பாட்டு நிதியில் பணி கேட்கலாம். அந்த நிதியைப் பொதுப் பணிகளுக்கு மட்டுமே செலவிட முடியும். தனியார் நிலத்துக்குக் கிடைக்காது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுவைப் பதிவு செய்யுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். எம்.எல்.ஏ மாறினாலும், அதிகாரி மாறினாலும், அந்தச் சீட்டை வைத்துத்தான் அடுத்தவரிடம் கேட்க முடியும்.