காக்கக் கூடாத இரகசியம்

சிங்கப்பூரில் தற்கொலைக்கு முயல்வது ஒரு காலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தச் சட்டப்பிரிவு நடைமுறையில் இல்லை. மனம் உடைந்துபோனவருக்குத் தேவை உதவியே, தண்டனையன்று என்பதை நாடு ஏற்றுக்கொண்டது. ஆனால், மக்களின் பேச்சு அந்த அளவுக்கு மாறவில்லை. பிள்ளை மனநல ஆலோசகரைப் பார்க்கிறான் என்று தெரிந்தால், "ஏன், அவனுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்?" என்று பெற்றோரே மூடி மறைப்பதும் உண்டு. காய்ச்சல் என்றால் மறுநாளே பலதுறை மருந்தகத்திற்கு அழைத்துச் செல்பவர்கள்தாம் அவர்கள்.

2022ஆம் ஆண்டில் 10 முதல் 29 வயது வரையுள்ள 125 பேர் இந்நாட்டில் தற்கொலையால் உயிரிழந்தனர். தேர்வு அழுத்தம்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரே ஒரு காரணம் இருப்பது அரிது. குடும்பச் சச்சரவு, கேலிவதை, தனிமை, மனச்சோர்வு எனப் பல சேர்ந்தே ஒருவரை அழுத்துகின்றன. தீபாவளிக்கு வீட்டுக்கு வரும் உறவினர்கள், "எத்தனை புள்ளி எடுத்தாய்?" என்பதையே முதல் கேள்வியாகக் கேட்பதை நிறுத்தினாலும் நல்லதுதான்!

தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். இந்த அச்சம் தவறானது. "உயிரை விட்டுவிடலாம் என்று நினைக்கிறாயா?" என்று அன்போடு நேராகக் கேட்கும்போது, பலருக்கு மனப்பாரம் குறைகிறது. "உன் வயதில் நாங்கள் படாத கஷ்டமா?" என்று பதில் சொன்னால்தான் பேச வந்த பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

இளையர்கள் பெரும்பாலும் இதை முதலில் நண்பரிடமே சொல்கின்றனர். அதுவும், "யாரிடமும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. இரகசியம் காப்பது நட்பின் இலக்கணம் என்று நம்பும் பதினைந்து வயது மாணவன், தன்னால் சுமக்க முடியாத சுமையைத் தனியே சுமக்கிறான். அந்தச் சத்தியத்தை அவன் மீறத்தான் வேண்டும். நண்பன் கோபப்படலாம், சில வாரம் பேசாமலும் இருக்கலாம். அந்தக் கோபம் தணியக்கூடியது. விருப்பமான பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, எல்லாரையும் விட்டு ஒதுங்குவது, "நான் இல்லாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை" என்பது போன்ற பேச்சு ஆகியவற்றை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம்பிக்கைக்குரிய ஆசிரியரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ அன்றே சொல்ல வேண்டும். ஆலோசகரின் அறைக்குத் தனியாகப் போகத் தயங்கும் நண்பனுடன் வாசல்வரை நடந்து செல்வதும் உதவிதான்.

இரவு நேரமாக இருந்தால்? சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். வாய்விட்டுப் பேச முடியாதவர்கள் 9151 1767 என்ற எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தி அனுப்பலாம். தன்னைப் பற்றி மட்டுமன்றி, நண்பனைப் பற்றிக் கவலைப்படுபவரும் அழைக்கலாம்.